நொடிக்குப் பதினொன்று

என் கப்பல் விக்குகிறது.
வலைவீசும் கப்பல், நாற்பது மீட்டர்,
போன மாதச் சம்பளத்தில் மிஞ்சியதைக் கொடுத்து வாங்கிய கேம்.
எர்தெனெத் நகரில், எந்தக் கடலும் எட்டாத மலைகளுக்கு நடுவே,
ஐந்தாம் மாடியில்
நான்தான் அதன் கேப்டன்.

சுக்கானைத் திருப்பிவிட்டு
ஒரு மிடறு தேநீர் குடித்தால் திரும்புகிறது.
அலை எழும்பி அப்படியே நின்று
யோசிக்கிறது, விழலாமா என்று.
திரையின் ஓரத்தில் சின்ன எண்:
நொடிக்குப் பதினொரு படம்.

முதலில் நிழல்களை அணைத்தேன்.
மாலுமிகள் தளத்தில் கால் ஒட்டாமல் நடந்தார்கள்.
பதினான்கு.
மூடுபனியை எடுத்தேன். பதினைந்து.
தண்ணீரில் தெரியும் வானத்தை எடுத்தேன்,
கடல், லாரிமேல் போர்த்திய தார்ப்பாய் ஆயிற்று.
பறவைகளைக் கடைசிவரை வைத்திருந்தேன்.
அவற்றையும் எடுத்தபோது பதினெட்டு வந்தது.
பத்தே நிமிடம். மறுபடி பதினொன்று.

போன் பழுதுபார்க்கும் தாஷ்ன்யாமைக் கூப்பிட்டேன்.
எதையோ மென்றபடி
"சூடு எத்தனை?" என்றான்.
யாருக்கு?
"உன் மாமியாருக்கு. லேப்டாப்புக்குடா!"
தொண்ணூற்றாறு.
"அது விளையாடவில்லை, மூச்சுவிடப் பார்க்கிறது.
கொதித்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
அறையை ஆற வை."

அறையை ஆற வைப்பதாம்.
மின்நிலையத்திலிருந்து குழாயில் வரும் வெந்நீர்
எங்கள் சுவரோரமாய் ஓடுகிறது.
அதற்குத் திருகு கிடையாது.
நிறுத்துகிறவர்கள் நிறுத்துவார்கள், மே மாதத்தில்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று,
உள்ளே நான் வெறும் பனியனோடு.

ஆகவே பால்கனி.
செவ்ஜித்மா உறையவைத்த பால்வில்லைகளைத் தள்ளி,
ஆட்டுத்தொடையைத் தள்ளி,
இறைச்சிக் கொழுக்கட்டை மூட்டையைச் சுவரில் சாய்த்து
லேப்டாப்புக்கு இடம் செய்தேன்.
நரித்தோல் தொப்பி. கையுறை இரண்டு,
வலது ஆள்காட்டி விரலுக்கு மட்டும் ஓட்டை.

அறுபது!
பட்டுத்துணிமேல் கை போவதுபோல் போயிற்று கப்பல்.
கால் மணிநேரம்
வட அட்லாண்டிக் முழுவதும் எனக்கு.
பிறகு திரைக்குக் குளிர் கண்டது.
எண் அறுபதுதான் காட்டியது,
படம்தான் போன இடத்திலேயே தேங்கி,
ஒவ்வொரு அலையும் தன் பழைய அலையை
இழுத்துக்கொண்டு வந்தது.
பேட்டரி நாற்பதில் நின்று, எட்டுக்குக் குதித்து,
இருட்டு.
நடுக்கடலில், வலை தண்ணீருக்குள் கிடக்க.

"மறுபடி போடாதே," என்றான் தாஷ்ன்யாம்,
இப்போது மெல்லவில்லை.
"உள்ளே கொண்டுபோனதும் வியர்க்கும். துண்டில் சுற்று,
பனியில் விழுந்த ஆட்டுக்குட்டியைச் சுற்றுவதுபோல.
காலைவரை தொடாதே."

செவ்ஜித்மா எழுந்து வந்தாள்.
துண்டைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள்.
"என் பாலை எங்கே வைத்தாய்?" என்று மட்டும் கேட்டாள்.

அடிப்பலகையில் ஒன்பது திருகு.
எட்டு வந்தன. ஒன்பதாவது
ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருந்தது.
விசிறியின் வாயில் தூசி என்று நினைத்தேன்.
தூசியில்லை, கம்பளி.
சிவப்பு, கொஞ்சம் பச்சை.

ஒருநாள் விட்டு ஒருநாள்
கம்பள ஆலையில் எனக்கு இரவுக் காவல்.
சட்டையில் ஒட்டி வந்ததையெல்லாம்
நான் குனிந்து மீன்பிடித்த நேரத்தில்
இந்த விசிறி உறிஞ்சி, திரித்து,
சூட்டில் அமுக்கி, தனக்கென்று
ஒரு விரிப்பு செய்து வைத்திருக்கிறது.
இடுக்கியால் இழுத்தேன். கிழியாமல் வந்தது,
தபால்தலை அளவு.
ஆலையில் இதைவிட மோசமானதைத்
தரம் ஒன்று என்று கட்டி அனுப்பியிருக்கிறோம்.

ஐம்பத்தாறு. அறைக்குள். பனியனோடு.
நிழல்களைத் திருப்பிக் கொடுத்தேன்,
மாலுமிகள் தளத்தில் இறங்கினார்கள்.
மூடுபனி. வானம்.
பறவைகளையும் விட்டால் நாற்பதுக்கு வந்துவிடும்,
அது நாளைக்கு.

மேஜைமேல் ஒரு திருகு மிச்சமிருக்கிறது.
எல்லா ஓட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.