அடைக்கலம் பெயருக்கு நேரே

புதுவயல் ரைஸ் மில்லில்
ஆஜர் நோட்டு என் பொறுப்பு.

ஆடி பதினாலு, ராத்திரி ஷிஃப்ட்.
எலிவேட்டர் பெல்ட்டில் சிக்கிய சாக்கு நூலை
எடுக்கப் போன கையிலிருந்து
பெல்ட் எடுத்துக்கொண்டது மோதிர விரலை.
மோதிரம் மட்டும் மறுநாள்
குருணைச் சாக்கில் கிடைத்தது.
கவரில் போட்டு, பேர் எழுதி,
டிராயரில் வைத்துவிட்டு
நோட்டைத் திறந்தேன்.

வந்தால் ஒரு கோடு.
வராவிட்டால் ஒரு சுழி.
வரமுடியாமல் ஆக்கிவிட்டால்
என்ன போடுவதென்று
யாரும் சொல்லித் தந்ததில்லை.
'வி' போட்டேன், சிவப்பு மையில்.
விடுப்பு என்றும் படிக்கலாம்,
விபத்து என்றும்.

மேனேஜர் சாத்தப்பன் கெட்டவர் இல்லை.
ஆம்புலன்சுக்குக் காத்திராமல்
தன் காரிலேயே காரைக்குடிக்குக் கொண்டுபோனவர்.
சீட்டு உறையைத் தானே துவைத்தவர்.
புரட்டாசி பிறந்ததும் கேட்டார்:
"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சிவப்பு?
போனஸ் கணக்கு முடிக்கணும்."
பென்சிலை நீட்டினார்.
"தானா நின்னுட்டார்னு எழுதும்மா.
பேனாவில வேண்டாம்."

எழுதினேன்.

வெள்ளிதோறும் பூமயில் வருவாள்,
இ.எஸ்.ஐ. மருந்தகத்துச் சீட்டோடு,
பஸ்ஸில் கசங்காமல் இருக்க
பால் கார்டு உறைக்குள் வைத்து.
சம்பளத்தில் பத்துக்கு ஒன்பது
பேங்கில் ஏறுகிறதாம்.
மிச்சம் ஒன்றுக்கு
ஒரு கிடாய் போயிற்றாம்.
"எம் பேரு இருக்கான்னு பாத்துட்டு வான்னாக."
அவளுக்கு எழுத்து வராது.
நோட்டைத் திருப்பி, அவள் விரலைப் பிடித்து
அந்த வரியில் வைத்தேன்.
"இருக்கு."
விரல் கொஞ்சம் நகர்ந்தது.
"இதென்ன, மங்கலா?"

"தூசி" என்றேன்.
தவிட்டு மில்லில் அது எப்போதும் பொருந்தும் பொய்.

அன்று சாயங்காலம்
அலமாரியில் கரப்பான் தின்றது போக மீந்த
சட்டப் புத்தகத்தை எடுத்துப்போய் நின்றேன்.
காயத்துக்குப் பணம் வாங்கும் நாளில்
ஆளை நீக்கக் கூடாது, சார்.
அந்த நாளெல்லாம் போனசுக்கு
வேலை நாள்தான், சார்.

மின்விசிறி பக்கங்களைப் புரட்டியது.
"மோதிர விரலுக்கு போர்டுல ஏழு சதவீதம் போடுவான்" என்றார்.
"ஏழு போன ஆளை வச்சு என்ன செய்ய?"
"மிச்சம் தொண்ணூத்து மூணு
எங்க போகும், சார்?"
அவர் பதில் சொல்லவில்லை.
டீ வந்தது. இரண்டு கிளாஸ்.
ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
அது சம்மதமா என்று
இன்றுவரை தெரியாது.

ரப்பரால் அழித்தேன்.
தாளைச் சாய்த்துப் பார்த்தால்
பள்ளம் தெரிகிறது: நின்னுட்டார்.
அதன் மேலேயே அழுத்தி 'வி'.

அவன் இடத்தில் நிற்கும் ஒடிசாப் பையன் கைலாஷ்
ஜன்னல் வழியே கேட்டான்:
"அண்ணா வந்தா, நான் எங்கே?"
அவனுக்கு ஒரு எழுத்தும் என்னிடம் இல்லை.

எனக்கும்தான்.
ஆறு வருஷமாக வவுச்சரில் சம்பளம்.
நான் காக்கும் நோட்டில்
என் பேர் எந்தப் பக்கத்திலும் கிடையாது.
ராத்திரி கணக்கு மூட்டும்போது
பத்து விரலையும் ஒருமுறை
மேஜையில் விரித்துப் பார்ப்பேன்.

ஐப்பசி முதல் மழையன்று
சிவப்பு மை தீர்ந்தது.
பஸ் ஸ்டாண்டுக் கடையில்
பேனா பத்து ரூபாய், என் காசு.
இரண்டு வாங்கினேன்.