இடது கால்

பதினோரு நாள் முக்கூடல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம்,
ஆயிரம் பீடிக்கு இருபது ரூபாய் கூடக் கேட்டு.
செருப்புக்கடை மசூது பாய்
தினமும் குடத்தில் தண்ணீர் வைத்தார்.
வியாபாரம் படுத்தும்,
"கேளுங்க தாயி, விட்டுராதிய" என்பார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்
ஒரு கல். அவர் கடைக் கண்ணாடி.
அள்ளியவர்கள் வெளியூர்க்காரர்கள் என்றுதான்
சொல்லிக்கொண்டிருக்கிறோம்.
என் கொழுந்தன் மகனை நான் பார்த்தேன்.

மறுநாள் பேப்பரில்
கூலி என்ற சொல்லே இல்லை.
பேச்சுவார்த்தையைத் தள்ளிவைத்தார் தாசில்தார்,
தேதி போடாமல்.

ஓடையில் கிடக்கின்றன செருப்புகள்,
அத்தனையும் இடது கால்.
பார்வைக்கு ஒன்றைத்தானே வைப்பார்கள்.

வலது கால்களோடு
உள்ளே இருக்கிறார் பாய்.
வாசலில் குடம் இல்லை.

ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு
ஷட்டர் வரை போய்
திரும்பிவிட்டேன்.