இரண்டு புள்ளி மூன்று

அக்டோபர் நடுவில் வாட்சோவில்
பனி இன்னும் இறங்கவில்லை. மலை மட்டும்
தலையில் மாவு கொட்டியதுபோல் நிற்கிறது.
படகுக் கொட்டகையிலிருந்து அண்ணன் ஓட்லைஃப்
நான்கு சக்கரங்களை உருட்டி வருகிறான்.
"டீசல் கார்தான் போனது, இவை போகவில்லை.
எடுத்துக்கொள். காசு வேண்டாம்."
காசு வேண்டாம் என்று வரும் பொருளை
நான் இருமுறை பார்ப்பேன்.

என் கார் கோடையில் வந்தது. சத்தமே கிடையாது.
அடிவயிறு முழுக்கப் பேட்டரி,
நிறைமாதக்காரி படியிறங்குவதுபோல்
பள்ளத்தில் பார்த்துப் பார்த்து இறங்கும்.

ஜாக்கி ஏற்றினோம். கோடைச் சக்கரம் கழன்றது.
அங்கே ஐந்து தண்டுகள், இங்கே ஐந்து துளைகள்.
"பார்த்தாயா" என்றான்.
முதல் தண்டு நுழைந்தது. அடுத்தது
விளிம்பில் இடித்து நின்றது.
சுற்றிப் பார்த்தோம். வேறொன்று நுழைந்தது,
வேறொன்று இடித்தது.

"ரப்பர் சுத்தியல் எங்கே? தட்டினால் உட்காரும்."

இருபத்திரண்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன், ஓட்லைஃப்.
தட்டி எதையும் நான்
உள்ளேயும் அனுப்பியதில்லை, வெளியேயும் எடுத்ததில்லை.

அளந்தேன்.
துளைகளின் நடுவைத் தொட்டு ஓடும் வட்டம்
அவனுடையதில் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
என்னுடையது நூற்றுப் பதினான்கு புள்ளி மூன்று.
நடுவில் இருப்பது
ஹெர்ரிங் ஊறுகாயில் மிதக்கும் கடுகு ஒன்று
படுத்துப் புரளுகிற இடம்.

கல்யாணத்தில் பத்துக்கு ஏழு பொருந்தினால்
மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.
நான் பதினோரு வருடம் தேற்றினேன்.
சக்கரம் அப்படித் தேறாது.

டயர் கடை டெஸ்ஃபாய் அஸ்மாராக்காரன்,
இருபத்தைந்து வயதுவரை பனியைத் தொடாதவன்.
நான் காட்டிய கறுப்பு இருபது அங்குலத்தை
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"வண்டி எடை எவ்வளவு? ஆள் ஏறினால்?
பெட்டி, சிலிண்டர் எல்லாம் ஏறினால்?"
கேட்டுவிட்டு, அண்ணனின் டயர் ஓரத்து
எண் ஒன்றில் விரல் வைத்தான். "தொண்ணூற்றிரண்டு.
ஒரு டயருக்கு அறுநூற்று முப்பது கிலோ.
துளை பொருந்தியிருந்தாலும் இது உன்னைத் தாங்காது."
பதினெட்டு அங்குலத்தில் பிரேக் உரசும் என்றான்.
பத்தொன்பதை எடுத்து வைத்தான், உள்ளங்கை அகல ரப்பரோடு:
"குழி வந்தால் அடியை இது வாங்கிக்கொள்ளும்."

பிறகு கேட்டான்: ஆணி பதித்ததா, பதிக்காததா?

ஆணி பாதி நாள் வெறும் தாரைக் கொறிக்கும்.
ஒரு சார்ஜில் முப்பது கிலோமீட்டர் தின்னும்.
இந்தக் காரை நான் வாங்கியதே
அதன் மௌனத்துக்காக.

நெஸ்ஸபி வளைவை நினைத்தேன்.
காற்று பனியைப் பெருக்கித் தள்ளிவிட்டு
நீலக் கண்ணாடியை விட்டுப்போகும் இடம்.
அதற்கு அப்பால் ரவ்ட்னாவின் வீடு,
மூன்றாவது பிள்ளை. மூன்றாவது யாருக்கும் காத்திருக்காது.

"ஆணி" என்றேன்.
"நூறு கிலோமீட்டர் ஓடியதும்
நட்டுகளை மறுபடி முறுக்கிவிடு" என்றான்.

மூன்றாம் இரவே பனி விழுந்தது. ஃபோனும் வந்தது.
வழியெல்லாம் அடியில் யாரோ
அரிசி புடைத்துக்கொண்டே வந்தார்கள்.
வளைவில் பின்பக்கம் ஒரு கணம் யோசித்தது,
பிறகு என்னோடு வந்துவிட்டது.
ஐந்து பத்துக்குப் பெண் குழந்தை.
முடி ஈரமாக, கோபமாக.

திரும்பும் வழியில் திரையில் நூறு.
விளக்கை எரியவிட்டு இறங்கினேன்.
முறுக்குக் கருவி விரலில் ஒட்டும் குளிர்.
டிக். டிக். போதும் என்று அது சொல்லும்வரை
போதாது. பதினேழாவதில் ஃபோன் ஒளிர்ந்தது.
ஓட்லைஃப்: "வார்டோவில் ஒருவனுக்கு
ஐந்து துளையும் பொருந்திவிட்டது.
அவனிடம் காசு வாங்கிக்கொண்டேன்."

இன்னும் மூன்று நட்டு பாக்கி.