ஞாயிறு, கடல்காற்று வந்த பிறகு

பதினோரு மணிக்கு மேல்தான் கூட்டிவருவேன் என்றார் நாகூர்கனி.
கடல்காற்று இறங்கியிருக்கும்.
அதுவரை மணலி வாடை
கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்,
விலையில் ஒரு லட்சம்
மூக்கு வழியாகவே போய்விடும்.
அப்புறம் குரலைத் தணித்து,
"சாரையும் அன்னிக்கு வந்து இருக்கச் சொல்லும்மா.
பிரிஞ்ச வூடுன்னு தெரிஞ்சா
வாஸ்துல கொற சொல்லினு நிப்பாங்க."

சனி முழுக்கத் துடைத்தேன்.
ஜன்னல் கம்பியில் துறைமுகத்துக் கரி,
துணியைப் பிழிந்தால்
இன்னொரு ஜன்னலுக்கு ஆகும்.
போர் தண்ணீர் மஞ்சளாக்கிய பக்கெட்டை
மாடிக்கு நாடு கடத்தினேன்.
குளியலறைக் குழாயை இருபது நிமிடம் ஓடவிட்டேன்,
முதலில் வரும் துருவை
நானே பார்த்து முடித்துவிட.

முட்டிக்கு மேல் நாலு விரல்
புயல் வருஷத்து வெள்ளக்கோடு.
இரண்டு கோட் டிஸ்டெம்பர் அடித்தும்
காய்ந்ததும் வந்து நின்றது,
கொடுத்த கடனைக் கேட்க வந்த சொந்தக்காரன் மாதிரி.
சோபாவை அதன்மேல் தள்ளினேன்.

மதிவாணன் எட்டரைக்கே மீஞ்சூரிலிருந்து வந்துவிட்டான்,
கையில் இழைப்புளி.
வாசல் கதவைக் கழற்றிப் படுக்கவைத்து
அடிப்பக்கம் சீவினான்.
சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டுதான்,
சாத்துவதற்குத்தான் ஆள் வேண்டும்.
ஒன்பது வருஷம் இழுத்து, உதைத்து,
தோளால் முட்டிச் சாத்திய கதவு.
அதைச் சொல்லியே எத்தனை ராத்திரி சண்டை.
இப்போது ஒரு விரல் போதும்,
யாரோ சாத்திக்கொள்ள.

"பார்" என்றான்.
பார்த்தேன்.
மரச்சீவலை முறத்தில் அள்ளினேன்.

அவன் சட்டை ஒன்றை ஆணியில் மாட்டினோம்.
செருப்பை என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ரொம்ப ஒட்டி வைத்துவிட்டேன் போல,
அவனே காலால் கொஞ்சம் தள்ளினான்.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால்
ஓசூருக்கு டிரான்ஸ்பர்.
இரண்டு முறை சொல்லிப் பார்த்தோம்.
ஓசூரில் குளிருமே, ஸ்வெட்டர் இருக்கா என்றேன்
பழக்கதோஷத்தில்.

வந்தவர்கள் மூன்று பேர்.
கணவன் மொபைலில் திசை பார்த்தான்.
அவன் மாமா சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்தார்.
ரயில்வே கேட் மூடினா எவ்ளோ நேரம் ஆவும்?
கூட்ஸ் வந்தால் அரைமணி என்றான் மதிவாணன்.
பத்து நிமிடம் என்று சொல்லச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை.
சோபாவை ஒரு சாண் நகர்த்தி,
குனிந்து பார்த்து,
திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.
பிறகு படுக்கையறைக்குப் போய்
சுவர் அலமாரியைத் திறந்தாள்.

எல்லாம் யோசித்தவள்
அதை யோசிக்கவில்லை.
இடப்பக்கம் என் புடவைகள்.
வலப்பக்கம் ஆறு வெறும் ஹேங்கர்,
பாதி கரைந்த அந்துருண்டை ஒன்று.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
சத்தமில்லாமல் மூடினாள்.
கூடத்துக்கு வந்து கணவனிடம்,
"அலமாரில எடம் நெறைய இருக்குங்க" என்றாள்.
என்னைப் பார்க்காமல்.
"தேக்கும்மா, உள்ளாறயே கட்டினது" என்றார் நாகூர்கனி.

எல்லோரும் போனபின்
வெளிப்படி ஏறி மாடியில் நின்றேன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
அவர்கள் காரும் அவன் பைக்கும் பக்கம் பக்கம்.
பெட்ரோல் டேங்க் மேல்
ஆணியிலிருந்து எடுத்துப்போன சட்டை.
கார்க் கண்ணாடி இறங்குகிறது.
அவள் ஏதோ கேட்கிறாள்,
அவன் குனிந்து ஏதோ சொல்கிறான்.
ஓசூரா, வெள்ளமா, வேறு எதுவுமா,
கூட்ஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தொன்பது, நாற்பது.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கடல்காற்று நன்றாக இறங்கிவிட்டது.
கீழே வாசல் கதவு
தானாகச் சாத்திக்கொண்டது,
அவ்வளவு மெதுவாக.

சாவி உள்ளே.