தலைமாட்டுப் பக்கம்

கட்டபெட்டில் என் ஸ்டுடியோவுக்குக்
குழந்தைகள் வருவது காதுகுத்து முடிந்து,
மொட்டைத் தலையில் சந்தனம் காய, அழுதபடி.
மற்றபடி பாஸ்போர்ட் சைஸ் எட்டு, அறுபது ரூபாய்.
காது தெரியணும், சிரிக்கக் கூடாது என்று
நாளுக்கு இருபது தடவை சொல்லி
எனக்கே சிரிப்பு மறந்த ஒரு மழைநாளில்
கண்ணாடிக் கதவில் ஒட்டினேன்:
கர்ப்பகாலம், பிரசவம் படம் எடுக்கப்படும்.
எதிர் பேக்கரிக்காரர் எழுத்துக்கூட்டி வாசித்து,
"பிரசவத்தையுமா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
தேங்காய் பன்னுக்குக் காசு வாங்க மறந்துவிட்டார்.

நாலு மாதம் யாரும் வரவில்லை.
வந்தவர்கள் ரேஷன் கார்டுக்கு வந்தார்கள்.
லென்ஸுக்கு வாங்கிய கடனுக்கு மட்டும்
தவறாமல் மாசம் நிறைந்தது.

பிறகு யோகராணி. எட்டு நடக்குது என்றாள்.
தேயிலைச் சரிவில் நிற்கவைத்தேன்.
போனில் பார்த்து வைத்திருந்தபடி
வயிற்றின் மேல் விரல்களை இதயம்போல் குவிக்கச் சொன்னேன்.
"இடுப்பு வலிக்குதுக்கா, உக்காந்துக்கவா?"
உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள்.
வீங்கிய பாதங்களை ஈரப்புல்லில் வைத்துக்
கண்ணை மூடினாள்.
அன்றைக்கு எடுத்த ஒரே படம் அது.
மற்ற நூற்றுப்பத்தும்
அவளைக் களைப்பாக்கியதுதான் மிச்சம்.

தேதி இருபத்திரண்டு என்றிருந்தார் டாக்டர்.
குழந்தைக்கு யார் சொல்வது?
பதினேழாம் தேதி இரவு ஒன்றே முக்காலுக்குத்
தர்மசீலன் கூப்பிட்டான். பேச்சில்லை, மூச்சு மட்டும்.
பேருந்து இல்லாத நேரம்.
கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்
போஜனின் கேரட் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.
ஒரு வளைவில் காட்டெருமை
ரோட்டை அடைத்து நின்றது.
போஜன் விளக்கைத் தணித்தார். ஹாரன் அடிக்கவில்லை.
"அதுவும் மாசமா இருக்கு,
அவசரப்படுத்தக் கூடாது."

சிஸ்டர் செலின் சொன்னாள்:
ஃபிளாஷ் கூடாது, குறுக்கே வரக் கூடாது,
தலைமாட்டுப் பக்கம் மட்டும் நில்லு.
நின்றேன்.
குளிரில் வந்த லென்ஸ், அறையின் சூடு பட்டதும்
வெளுத்துப்போனது.
துடைத்தேன். மூடியது. துடைத்தேன்.
மலைக்காரிக்கு மூடுபனி புதிதா?
ஆனாலும் ஒரு ரூபாய் அகலத்தில்
இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை.
துப்பட்டா நுனியைத் தேடிய நேரம்
யோகராணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
கேமரா இருந்த கை.
விடவில்லை.

ஆகவே அவன் பிறந்த நொடி
என்னிடம் படமாக இல்லை.
ஈரத்துணியை உதறினாற்போல் ஒரு சத்தம் கேட்டது.
கொஞ்சம் பொறுத்து
உலகத்தின் மேல் வழக்குப் போடுகிற இன்னொரு சத்தம்.
மணி மூன்று இருபத்தாறு.
பிடி தளர்ந்ததும்
ஓரங்களில் பனி மிச்சமிருந்த கண்ணாடி வழியே
அவளை எடுத்தேன், தலைகீழாக:
நெற்றியில் ஒட்டிய முடி, கடித்துப் பிளந்த உதடு,
அழுவதா சிரிப்பதா என்று
இன்னும் தீர்மானிக்காமல்
முழுக்கத் திறந்த வாய்.

பத்து நாள் கழித்து ஸ்டுடியோவில்
தர்மசீலன் அதைத் தாண்டித் தாண்டிப் போனான்.
"பையன் படத்தப் பெருசாப் போடுங்க.
இத அழிச்சிடுங்க. நல்லால்ல."
பால் கொடுத்தபடி யோகராணி திரையைப் பார்த்தாள்.
குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிவிட்டும் பார்த்தாள்.
"அன்னிக்கு எல்லாரும் அந்தப் பக்கமே பாத்தீங்க.
என் மூஞ்சி இப்படி இருந்துச்சுன்னு
எனக்கே இப்பத்தான் தெரியுது.
இதையே போடுங்கக்கா. பன்னெண்டுக்குப் பதினெட்டு."

மீதி மூவாயிரம் தரவேண்டும்.
பிறந்த நொடி விட்டுப்போனதற்கு
ஐநூறு குறைத்துக்கொண்டேன்.
அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.
நகம் பதிந்த நாலு பிறைகள் கறுத்திருந்தன.
ஐநூறைத் திரும்ப மேசையில் வைத்து,
"மருந்து போடுங்க" என்றாள்.

இப்போதெல்லாம் இரவில்
கேமராவை ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு படுக்கிறேன்.
சூடு ஆறாமல் இருக்கட்டும்.
குன்னூரில் ஒருத்திக்கு
ஒன்பது நடக்கிறது.