கட்டாயப் புலம்

பகலில் நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஏறும்,
எண் நடுங்கும், நிற்கும்,
எழுதிக்கொள்வேன்.
தரையில் ஒரு மஞ்சள் கோடு.
அதைத் தாண்டாதே என்று
எந்தப் பலகையும் சொல்லவில்லை,
ஒரு டயரும் தாண்டியதில்லை.

முதல் வகுப்பில் ஆசிரியை கேட்டார்:
நீங்கள் பார்த்ததில் நல்ல வடிவமைப்பு எது?
மற்றவர்கள் கைப்பேசிகளின் பெயர் சொன்னார்கள்.
நான் கோட்டைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
இணைப்பு போய்விட்டதென்று நினைத்தேன்.
பகாவில் மழை பெய்தால் அப்படித்தான்,
கோலாலம்பூரிலிருந்து பாதி வாக்கியம் வரும்,
மீதியை நானே எழுதிக்கொள்வேன்.

இறுதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது
டயாலிசிஸ் நிலையத்து வேன்.
விடியுமுன் தோட்டங்களுக்குள் போய்
ஆட்களை ஏற்றி வரும் வெள்ளை வேன்.
அதைக் கூப்பிட ஒரு பக்கம், ஒரு பாரம்.
படிவத்துக்கு எங்கள் ஊரில் பாரம் என்றுதான் பெயர்.
பெயர் எவ்வளவு சரி என்பது
பூபாலன் அதைத் திறந்தபோது தெரிந்தது.

லோரி வரிசையில் நின்றபடி
என் கைப்பேசியை வாங்கிக்கொண்டான்.
மனைவி குணவதிக்கு வாரம் மூன்று நாள்.
ஸ்டியரிங்கும் குலை முள்ளும் தின்ற விரல்நுனியைத்
திரை அறியவில்லை.
மூன்று முறை தொட்டான்.
நான்காவது முறை விரல் மடக்கிக் கணுவால் தட்டினான்,
கதவைத் தட்டுவதுபோல.
திறந்தது.

"சாலைப் பெயர்?"
லயத்துக்கு ஏது சாலைப் பெயர்.
விட்டுவிட்டான்.
சிவப்பில் வந்தது:
இந்தப் புலம் வெறுமையாக இருக்கக் கூடாது.
"எந்த நெலத்தச் சொல்லுது?" என்றான்.
கீழே பொத்தானில் 'சமர்ப்பி'.
"என்னா இது, கோயில் பக்கமா?"
சிரித்துவிட்டு, குரல் இறங்கி,
"நான்தான் தப்பா எதையாச்சும் அமுக்கிட்டேனா, கிராணி?"

நான்தான் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும்.
"பின்னால லோரி நிக்குது" என்றேன்.

அன்றிரவு சிவப்பை அழித்தேன்.
புலத்தை அழித்தேன்.
சமர்ப்பியை எடுத்துவிட்டு
'வேனைக் கூப்பிடு' என்று வைத்தேன்.
கூப்பிடு என்றால் யாரை யார் ஏவுவது?
'கூப்பிடுங்கள்' ஆக்கினேன்.
'ங்கள்' பொத்தானுக்கு வெளியே வழிந்தது.
எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன்,
பூபாலன் கண்ணைச் சுருக்குவது தெரிந்தது.
பிறகு பொத்தானையே பெரிதாக்கினேன்,
கணுவால் தட்டினாலும் திறக்கும் அளவுக்கு.
இரண்டு சொல். இரண்டரை மணி நேரம்.

சாலைப் பெயர் இருந்த இடத்தில் ஒரு கேள்வி:
வேன் ஓட்டுநர் உங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்?
பாடத்தில் சொன்னபடி
நூறு எழுத்துக்கு மேல் ஏற்காத பெட்டி.

பூபாலன் எழுதினான்:
ரெண்டாம் பிரிவு, சூராவ் தாண்டி
நீலத் தண்ணித் தொட்டி, நாலாவது கதவு.
கறுப்பு நாய் குரைக்கும், கடிக்காது.
புள்ள தூங்கும், ஹார்ன் அடிக்காதீங்க.

பெட்டி நூறில் வெட்டியது.
ஓட்டுநர் ஜைனல் தமிழ் வாசிப்பார்,
தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்.
அவர் திரையில் கடைசியாக நின்றது:
ஹார்ன் அடி.

காலை நாலரை. அடித்தார்.
சொல்லியிருக்கிறார்களே என்று
நன்றாகவே அடித்தார்.
பிள்ளை எழுந்தது, நாய் எழுந்தது,
இரண்டாம் பிரிவு மொத்தமும் விளக்கைப் போட்டது.

'வேண்டாம்' என்பதை
வினைச்சொல்லின் வால்பக்கம் வைத்திருக்கும் மொழிக்கு
நூறு என்று அளந்தவர் யாரோ.
கேட்காமல் வாங்கி வைத்தவள் நான்.
வரம்பை எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு அவன் லோரி வந்தது.
கோட்டில் துல்லியமாக நின்றது.
எண் நடுங்கி அடங்குவதற்குள்
பூபாலன் என்னைப் பார்த்தான்,
பார்த்துக்கொண்டே
நீளமாக ஒருமுறை ஹார்ன் அடித்தான்.