மூடிக்கு உள்ளே

அறுபத்து நான்கு யூரோ.
நால்வர் பங்கிட்டால் ஆளுக்குப் பதினாறு.
பிரேமன் மழையில் கடை வாசலிலேயே தீர்த்துக்கொண்டோம்.
ஹென்ரிகே தந்ததெல்லாம் சில்லறை,
அடுமனை வேலை முடித்து வந்தவள்,
நாணயங்களில் மாவு.
தோர்பென் பத்து தந்து மீதிக்கு நாள் சொன்னான்.
அந்த நாள் இன்னும் வரவில்லை.

பெட்டிக்குள் ஒரு துறைமுகம் இருந்தது.
நாற்பது மரக்கப்பல்,
சுண்டுவிரல் நகமளவு உப்பு மூட்டைகள்,
சுங்கம், எலி, காய்ச்சல்,
முப்பத்தாறு பக்கத்துக்கு விதிகள்.
முதல் இரவு படித்தே தீர்ந்தது.
யானை வாங்கிய கையோடு
அங்குசக் கடை தேடியவர்கள் நாங்கள்.

மறுவாரம், காய் வைக்கும் முன்,
மூடியின் உட்புற வெள்ளையில்
யூலே பென்சிலால் ஒரு கோடு இழுத்து
பக்கத்தில் 64 என்று எழுதினாள்.
"இன்றைய ஆட்டத்தின் விலை."
வரி அலுவலகத்தில் வேலை அவளுக்கு.
இரண்டாம் கோட்டுக்கு 32.
மூன்றாவதற்கு 21 சொச்சம்.
ஜெயித்தாயா என்று வேலையிடத்தில் கேட்டவர்களுக்கு
என்ன விலைக்கு ஆடினேன் என்று
சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாதம் ஒரு வீடு.
குப்பைப் பையில் சுற்றிய பெட்டி
சைக்கிள் கூடையில் வேசர் பாலத்தைக் கடக்கும்.
யார் வீட்டில் பெட்டியோ அவர் செலவு பீர்.
"அதையும் கூட்டு" என்றான் தோர்பென்.
"ஆடாவிட்டாலும் குடித்திருப்பாய்"
யூலே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

அறுபத்து நான்காம் கோட்டன்று
ஆட்டம் ஒரு யூரோ ஆனது.
விற்காமல் மிஞ்சிய பிளம் கேக்கோடு வந்தாள் ஹென்ரிகே.
இரண்டு கப்பல்கள் இன்றும் பிசுபிசுக்கின்றன.

கீழ்த்தளத்து ஃபோல்க்மாருக்குச் சுவரெல்லாம் பெட்டி.
இருநூற்று நாற்பது,
பாதிக்கு மேல் கண்ணாடித்தாள் பிரிக்காதவை.
அவற்றில் ஓர் ஆட்டம் என்ன விலை என்று
யூலேயிடம் கேட்டேன்.
பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்றாள்.

அவர் படியேறி வந்தார்.
"இதை இனிமேல் அச்சிட மாட்டார்கள்.
நூற்று எண்பது தருகிறேன்."
மூடியைப் புரட்டினார். முகம் சுருங்கிற்று.
"இந்தக் கிறுக்கல் இல்லையென்றால் இருநூறு."

ஹென்ரிகே ரோஸ்டாக்குக்குக் குடிபெயரும் மாதம் அது.
பணமென்றால் நான்காகப் பிரிக்கலாம்,
துறைமுகத்தை எப்படிப் பிரிப்பது?
வியாழனன்று பேசுவோம் என்று விட்டோம்.
அந்த மாதம் பெட்டி என் வீட்டில்.

செவ்வாய் இரவு
அழிப்பானைக் கையில் எடுத்தவன் நான்.
முதல் கோடு, அதன் 64.
இரண்டாவது, அதன் 32.
மூன்றாவதைத் தேய்த்து முடித்தபோதுதான்
கணக்கு உறைத்தது:
இருபது யூரோ கூடுதல்,
ஆளுக்கு ஐந்து.
ஐந்து யூரோ.
ரப்பர் தூளை ஊதிவிட்டு மூடினேன்.

வியாழனன்று ஆடவுமில்லை,
விற்பது பற்றிப் பேசவுமில்லை,
தோர்பென் ஒருமுறை இருமியதைத் தவிர.
எழும்போது ஹென்ரிகே
ஒரு நீலக் கப்பலை எடுத்து மேலங்கிப் பையில் போட்டாள்.
"நாற்பதில் கால் பங்கு பத்து.
மீதி ஒன்பது உங்களிடமே இருக்கட்டும்,
கேட்கும்போது தாருங்கள்."
அதன் இடத்தில் இப்போது ஒரு சட்டைப் பொத்தான்
உப்பு ஏற்றிப் போகிறது.
ஃபோல்க்மார் முப்பதுக்கு இறங்கிவிட்டார்.

எழுபத்தோராம் கோட்டுக்காக
மூடியைத் திருப்பிய யூலே
மேல் வரிசையில் வெளுத்த இடத்தைப் பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை,
பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.
பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுப்
பையைத் துழாவிப்
பேனாவை எடுத்தாள்.
64.
32.
21 சொச்சம்.

"இன்றைக்குத் தொண்ணூறு சென்ட்" என்றாள்.
"யார் முதலில்?"